டி டிரைவில் இருக்கும் கேம்கள் புது விண்டோஸில் ஓடுமா?

உங்கள் கேள்வியை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் சுருக்கிவிடுகிறேன். விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு எஸ்எஸ்டி மாட்டி அதில் விண்டோஸ் 11 ஏற்றப் போகிறீர்கள். கேம்கள் எல்லாம் டி டிரைவில் கிடக்கின்றன. எபிக்கில் இலவசமாகக் கொடுத்தபோது வாங்கிப்போட்ட ஜிடிஏ 5, ஸ்டீமில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஸ்டார்டியூ வேலி, தனியாக வேலரன்ட், அப்புறம் எப்போதோ சிடியிலிருந்து ஏற்றிய வைஸ் சிட்டி. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, மொபைல் ஹாட்ஸ்பாட்தான். டி டிரைவைத் தொடாமல் விட்டுவிட்டால் புது விண்டோஸில் இவை ஓடுமா, சேவ்கள் தப்புமா, நாளைக்கு லினக்ஸ் மின்ட்டுக்குப் போனால் என்ன ஆகும், எதில் காப்பி எடுத்து வைப்பது? இவ்வளவுதான் கேள்வி.

ஓடும். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்குப் பக்கம் வரும். தினம் 2 ஜிபி பேக்கில் அதை மறுபடி இறக்க ஒன்றரை மாதம் பிடிக்கும் என்பதால் உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்த 100 ஜிபியை எப்படியும் திரும்பப் பெறலாம். போனால் வராதது சில எம்பி அளவே உள்ள சேவ் ஃபைல்கள். அவற்றில் பெரும்பாலானவை டி டிரைவிலேயே இல்லை. நீங்கள் கழற்றப் போகும், அல்லது ஃபார்மேட் அடிக்கப் போகும், பழைய சி டிரைவில் இருக்கின்றன.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். புதிதாக ஏற்றியே ஆக வேண்டுமா? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, மாறுவது சரி. ஆனால் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (முழு செட்டப்பும் அடங்கிய ஒரே ஃபைல்), ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10-க்குள்ளேயே திறந்து செட்டப்பை ஓட்டினால், பெர்சனல் ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளவா என்று ஒரு தேர்வு வரும். அதைக் கொடுத்தால் கேம், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் ஆப்களும் செட்டிங்ஸை எழுதிவைக்கும் பதிவேடு), சேவ் எதுவும் இடம் மாறாது. அந்த விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்துகொண்டால் வேலை முடிந்தது. 32-பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது, ஏனென்றால் விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே இல்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷினிலும் செட்டப் மறுத்துவிடும். இந்தச் சோதனையை ஏமாற்றி ஏற்றும் வித்தைகள் ஊரெல்லாம் கிடைக்கின்றன. மற்ற கேம்களுக்கு அது பரவாயில்லை. வேலரன்ட் மட்டும் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் பூட்டு) இரண்டையும் கேட்கும். இல்லாவிட்டால் வேன் 9001 அல்லது வேன் 9003 என்று எரர் காட்டி நின்றுவிடும். வேலரன்ட்தான் முக்கியம் என்றால் ஓஎஸ் மாற்றும் முன் பயாஸுக்குள் போய் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, சுத்தமாகத்தான் ஏற்றுவேன் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு கேமை இன்ஸ்டால் செய்யும்போது அது நான்கு இடங்களில் தடம் பதிக்கிறது. ஒன்று, கேம் ஃபோல்டர்: எடையில் 99 சதவீதம் இதுதான். இரண்டு, ரெஜிஸ்ட்ரியிலும் லாஞ்சரின் (ஸ்டீம், எபிக் போல கேமை ஏற்றித் திறக்கும் ஆப்) குறிப்பேட்டிலும் இந்த கேம் இந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிய சில வரிகள். மூன்று, கேம் நம்பியிருக்கும் பொதுச் சரக்கு: விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம், பழைய டைரக்ட்எக்ஸ் ஃபைல்கள், ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும்) டிரைவர். நான்கு, சேவும் செட்டிங்ஸும். டி டிரைவைத் தொடாமல் விட்டால் முதலாவது மட்டும் பிழைக்கும். இரண்டும் மூன்றும் பழைய விண்டோஸோடு போய்விடும், ஆனால் திரும்ப உண்டாக்கலாம். ஃபோல்டரில் இருக்கும் இஎக்ஸ்இயை டபுள் கிளிக் செய்து, எம்எஸ்விசிபி 140 டிஎல்எல் காணோம் என்று பெட்டி வந்ததும் கேமே போச்சு என்று முழுதாக அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள் பாருங்கள், அது வீண் வேலை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் பேக்கேஜ் சில பத்து எம்பிதான், ஏற்றினால் தீர்ந்தது. டி3டிஎக்ஸ்9_43 டிஎல்எல் காணோம் என்று சொன்னால் டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் ரன்டைம் தேவை. விண்டோஸ் 11-இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை, இந்தத் துணை ஃபைல்கள் அதோடு சேர்ந்து வருவதில்லை. இணையத்தில் டிஎல்எல்லைத் தனியாக விற்கும், கொடுக்கும் தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இப்போது சேவ். இதற்கென்று ஒரே இடம் என்று ஒரு ஒழுங்கு விண்டோஸில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கேம் எழுதியவர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறார்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சில, அதற்குள்ளே மை கேம்ஸ் என்ற ஃபோல்டரில் சில, சேவ்டு கேம்ஸ் என்று விண்டோஸே வைத்திருக்கும் ஃபோல்டரில் அபூர்வமாகச் சில. மிச்சம் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில். அதற்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று அறைகள். யூனிட்டி எஞ்சினில் செய்த கேம்கள் பெரும்பாலும் லோக்கல்லோவில் எழுதும். ஹாலோ நைட்டின் சேவ் அங்கே டீம் செர்ரி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். யூபிசாஃப்ட் இன்னும் வேடிக்கை: அதன் லாஞ்சர் சேவ்களை ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள்ளே, தன் சொந்த ஃபோல்டரில், சேவ்கேம்ஸ் என்று வைத்துக்கொள்கிறது. யூசர் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுத்தவர்கூட அதை விட்டுவிடுவார். எந்த கேமின் சேவ் எங்கே என்பதற்கு பிசிகேமிங்விக்கி என்ற தளம்தான் என் முதல் புகலிடம். கேமின் பெயரைப் போட்டால் விண்டோஸில் எங்கே, லினக்ஸில் எங்கே, க்ளவுட் உண்டா என்று அட்டவணை போட்டுக் காட்டும்.

உங்கள் கேம்களையே எடுத்துக்கொள்வோம். ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி சேவ் டாக்குமென்ட்ஸில் ராக்ஸ்டார் கேம்ஸ், ஜிடிஏ 5, ப்ரொஃபைல்ஸ் என்று இறங்கிப் போனால் கிடைக்கும். அங்கே எண்ணும் எழுத்தும் கலந்த, படித்தால் ஒன்றும் புரியாத பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அது உங்கள் ராக்ஸ்டார் அக்கவுன்ட்டுக்கானது. உள்ளே எஸ்ஜிடிஏ என்று ஆரம்பித்து எண்ணில் முடியும், பின்னொட்டு இல்லாத ஃபைல்கள்தான் சேவ். ப்ரொஃபைல்ஸை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் புரியாத பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். புது விண்டோஸில் அதே அக்கவுன்ட்டில் நுழைந்தால் கேம் அதே பெயரைத்தான் தேடும். ஆன்லைன் பகுதிக்கு இந்தக் கவலை இல்லை, அது அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. வேலரன்ட்டும் அப்படியே.

ஸ்டார்டியூ வேலிக்கு ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில் இருபுறமும் சதவீதக் குறியோடு எழுதி என்டர் தட்டுங்கள். நேராக ரோமிங்குக்குள் இறங்கும். அங்கே ஸ்டார்டியூவேலி, அதற்குள் சேவ்ஸ். பண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். உங்கள் பாத்திரத்தின் பெயர், ஒரு அடிக்கோடு, நீளமான எண். உள்ளே அதே பெயரில் ஒரு ஃபைல், சேவ்கேம்இன்ஃபோ என்று இன்னொன்று, இரண்டுக்கும் ஓல்டு என்று முடியும் முந்தைய நாளின் பிரதி. ஃபோல்டர் பெயரும் உள்ளே இருக்கும் ஃபைல் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். காப்பி எடுக்கும்போது ஃபோல்டருக்கு அடையாளமாகப் பின்னால் 'புதுசு' என்று சேர்த்துவிட்டு, பிறகு கேம் என் பண்ணையைக் காட்டவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

வைஸ் சிட்டி டாக்குமென்ட்ஸில் தன் பெயரிலேயே யூசர் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரை வைத்திருக்கும். ஜிடிஏவிசிஎஸ்எஃப் என்று தொடங்கி பி என்ற பின்னொட்டோடு இருப்பவை சேவ்கள். கூடவே ஜிடிஏ_விசி என்று செட் பின்னொட்டோடு ஒரு சின்ன ஃபைல் இருக்கும், அதை எடுத்துப் போக வேண்டாம். பழைய மெஷினின் திரை, கன்ட்ரோல் செட்டிங்ஸ் அதில்தான் இருக்கிறது. புது மெஷினில் கேம் திறந்ததும் மூடிக்கொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அழித்தால் கேம் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும்.

பழைய கேம்களில் இன்னொரு மறைவிடமும் உண்டு. எக்ஸ்பி காலத்து கேம்கள் சேவைத் தங்கள் இன்ஸ்டால் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அப்படித்தான், சேவ்கேம் என்று உள்ளேயே ஃபோல்டர். விஸ்டாவுக்குப் பிறகு ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண யூசர் உரிமையில் எழுத முடியாது. பழைய கேம்கள் முறிந்து போகாமல் இருக்க விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது: எழுத வந்ததை வாங்கி ஆப்டேட்டாவின் லோக்கலில் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு, கேமிடம் நீ கேட்ட இடத்தில்தான் எழுதினேன் என்று சொல்லிவிடும். கேம் ஃபோல்டரைக் காப்பி எடுத்தவர் உள்ளே சேவ்கேம் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பார். டி டிரைவில் தனி ஃபோல்டரில் ஏற்றியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. ஆனாலும் விர்ச்சுவல்ஸ்டோரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சில கேம்கள், குறிப்பாகச் சின்ன யூனிட்டி கேம்கள், முன்னேற்றத்தை ஃபைலாகவே எழுதாமல் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடும். ரெஜ்எடிட்டைத் திறந்து கரன்ட் யூசரின் சாஃப்ட்வேர் கிளைக்குள் கேம் கம்பெனியின் பெயரைத் தேடி எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் ஒரு சின்ன ரெஜ் ஃபைல் கிடைக்கும். பழைய விண்டோஸ் பூட்டே ஆகவில்லை, ஆனால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால்கூட வழி இருக்கிறது. பழைய யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் என்டியூசர் டேட் என்ற ஃபைல்தான் அந்தக் கிளை முழுவதும். புது விண்டோஸின் ரெஜ்எடிட்டில் லோட் ஹைவ் என்று கொடுத்து அதைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் கையால் தேட முடியாது என்றால் லூடுசாவி என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கிறது. மேலே சொன்ன விக்கியின் தகவலை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் துழாவி, எந்தெந்த கேமின் சேவ் இருக்கிறது என்று பட்டியலிட்டு ஒரே ஃபோல்டரில் காப்பி எடுக்கும், திரும்ப வைக்கவும் செய்யும். லினக்ஸிலும் ஓடும். நான் அதை ஓட்டிவிட்டு, முக்கியமான இரண்டு மூன்று கேம்களை மட்டும் கண்ணால் சரிபார்ப்பேன். எந்த டூலையும் அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஸ்டீம் க்ளவுட் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். எல்லா கேமுக்கும் அது இல்லை. ஸ்டார்டியூவுக்கு உண்டு. உண்டு என்றாலும் கடைசியாக ஆடியது மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு ஆடிய நாட்கள் மேலே போயிருக்காது. புது விண்டோஸில் முதல்முறை திறக்கும்போது க்ளவுட்டில் இருப்பதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் பொருந்தவில்லை, எதை வைத்துக்கொள்ள என்று ஸ்டீம் கேட்டால் அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் பக்கத்தில் தேதி, நேரம் காட்டும். கையில் வேறு காப்பி இருக்கிற வரைக்கும் எதைத் தட்டினாலும் திருத்தலாம்.

ஒன்டிரைவ் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் ஏற்றினால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைப் பல சமயம் உங்களைக் கேட்டதாகவே தெரியாமல் ஒன்டிரைவுக்குள் மாற்றிவிடும். நீங்கள் யூசர் ஃபோல்டருக்குள் கையால் போய் ஒரு டாக்குமென்ட்ஸில் சேவை வைப்பீர்கள், கேம் ஒன்டிரைவுக்குள் இருக்கும் டாக்குமென்ட்ஸில் தேடும். சேவ் வைத்தும் கேம் புதிதாக ஆரம்பிக்கிறது என்ற புலம்பலில் பெரும்பங்கு இதுதான். எளிய வழி: கேமை ஒருமுறை திறந்து, புது கேம் ஆரம்பித்து, சேவ் செய்து மூடுங்கள். அது எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து அங்கேயே பழையதை வையுங்கள்.

யூசர் பெயர் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் ஏற்றினால் யூசர் ஃபோல்டருக்கு இமெயிலின் முதல் ஐந்து எழுத்தைப் பெயராக வைத்துவிடும். லோக்கல் அக்கவுன்ட் போடுகிறவர்கள் சிலர் ஆசையாகத் தமிழிலேயே பெயர் கொடுப்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனால் வேண்டாம். யூனிகோடை எதிர்பார்க்காமல் எழுதிய பழைய கேம்கள் அந்தப் பாதையைத் திறக்கத் தெரியாமல் சேவ் எழுத மறுக்கும், சில திறக்கவே திறக்காது. ஃபோல்டர் பெயரை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, திரையில் தெரியும் பெயரைப் பிறகு தமிழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கேம் ஃபோல்டர்கள். விண்டோஸ் ஏற்றும்போது டி டிரைவ் தனி டிஸ்க்காக இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். செட்டப்பில் தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. மறுபடி மாட்டும்போது புது விண்டோஸ் அதற்கு இ, எஃப் என்று வேறு எழுத்து கொடுத்திருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி என்று மாற்றிவிடுங்கள். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால் பயப்பட வேண்டாம், பழைய விண்டோஸின் யூசர் பெயரில் உரிமை பதிந்திருக்கிறது; கன்டின்யூ கொடுத்தால் உங்கள் பெயருக்கு மாறும். அந்த டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம்தான் இருப்பதிலேயே சாது. புது விண்டோஸில் ஸ்டீமை ஏற்றி, செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய் டி டிரைவைச் சேர்த்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஸ்டீம்லைப்ரரியைக் கண்டு கேம்களை எடுத்துக்கொள்ளும். ஸ்டீமே டி டிரைவில் இருந்திருந்தால் அதே ஃபோல்டருக்கு மேல் ஏற்றினால் போதும். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கோளாறு வந்தால் சரிசெய்யலாம். லைப்ரரிக்குள் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் காமன். கேம்கள் காமனில் இருக்கின்றன. காமனுக்கு வெளியே ஆப்மேனிஃபெஸ்ட் என்று தொடங்கி கேமின் எண்ணோடு முடியும் குட்டி ஃபைல்கள் கிடக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இன் எண் 730. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் கேமின் பெயர், எந்த ஃபோல்டர், எந்த பில்டு என்று எல்லாம் எழுதியிருக்கும். ஃபோல்டர் பெயர் மட்டும் இன்னும் கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் என்றே இருக்கும், கேம் பெயர் மாறியும் ஸ்டீமை நடத்தும் வால்வ் அதை மாற்றவில்லை. டோட்டா 2-இன் ஃபோல்டரில் பீட்டா என்ற வால் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் தப்பாக இருக்கிறதே என்று திருத்தினால் ஸ்டீம் கேமைக் காணவில்லை என்று முழுதாக இறக்க ஆரம்பிக்கும்.

இந்தக் குட்டி ஃபைல் தொலைந்து, காமனில் கேம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் பரவாயில்லை. ஸ்டீமில் அந்த கேமுக்கு இன்ஸ்டால் கொடுத்து அதே டிரைவைக் காட்டுங்கள். இருக்கும் ஃபைல்களைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லி, எண்ணிப் பார்த்து, குறைந்ததை மட்டும் இறக்கும். இந்தச் சோதனைக்கு டேட்டா செலவாகாது, டிஸ்க்தான் ஓடும். கேம் திறக்காமல் முரண்டு பிடித்தால் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல்களைச் சரிபார்க்கும் தேர்வு இருக்கிறது, அதுவும் இதே வேலைதான். பொதுச் சரக்கை முதல்முறை திறக்கும்போது ஸ்டீமே ஏற்றும். ஏற்றாவிட்டால் காமனுக்குள் ஸ்டீம்வொர்க்ஸ் ஷேர்டு என்ற ஃபோல்டரில் எல்லா இன்ஸ்டாலரும் தயாராக இருக்கின்றன, நெட் தேவையே இல்லை.

எபிக் இவ்வளவு பெருந்தன்மை கிடையாது. எந்த கேம் எங்கே என்ற குறிப்பை அது சி டிரைவில், ப்ரோக்ராம்டேட்டாவுக்குள் மேனிஃபெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. விண்டோஸை அழித்தால் அதுவும் போய்விடும். பலரும் செய்யும் வழி இது. டி டிரைவில் ஜிடிஏ 5 ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுங்கள், கடைசியில் ஒரு எழுத்து சேர்த்தால் போதும். எபிக்கில் அதே இடத்துக்கு இன்ஸ்டால் கொடுங்கள். டவுன்லோடு நிஜமாகத் தொடங்கி கொஞ்சம் ஓடியதும் நிறுத்தி, லாஞ்சரை ட்ரேயில் இருந்தும் மூடுங்கள். இப்போது அது உண்டாக்கிய புது ஃபோல்டருக்குள் பழைய ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் நகர்த்துங்கள்; அதே பெயரில் இருப்பவற்றுக்கு மேல் எழுதச் சொல்லுங்கள், புது ஃபோல்டரில் இஜிஸ்டோர் (.egstore) என்று புள்ளியோடு தொடங்கும் ஃபோல்டரை மட்டும் தொடாதீர்கள். லாஞ்சரைத் திறந்து தொடரச் சொன்னால் இறக்குவதை விட்டுவிட்டுச் சரிபார்க்க ஆரம்பிக்கும். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதால் 100 ஜிபியும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும், காப்பி கொடுத்தால்தான் காத்திருக்க வேண்டும். இந்தச் சோதனை நடக்கும்போது லாஞ்சரின் டவுன்லோடு எண்ணை ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். அது ஜிபி கணக்கில் ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, ஃபோல்டர் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்விட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஜிஓஜி என்ற கடையில் வாங்கியவை பெரும்பாலும் ஃபோல்டரில் இருந்தே ஓடும், பூட்டு எதுவும் கிடையாது. அதன் லாஞ்சரான கேலக்ஸியில் சேர்க்க வேண்டுமானால் ஃபோல்டரை இம்போர்ட் செய்யலாம். எக்ஸ்பாக்ஸ் ஆப், கேம் பாஸ் வழியாக வந்தவற்றைக் காப்பி எடுத்துப் பிழைக்க வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அவற்றின் சேவ் அக்கவுன்ட்டோடு தானாகவே மேலே போய்விடுகிறது. வேலரன்ட்டை அதன் சொந்த இன்ஸ்டாலர் வழியாகவே ஏற்றுங்கள், அதன் ஆன்டி-சீட்டான வேன்கார்டு டிரைவர் விண்டோஸின் அடிவயிற்றில் உட்காரும் பொருள் என்பதால் ஃபோல்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

வைஸ் சிட்டி போன்ற சிடி கேம்கள் தனிக் கதை. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் இதே ஃபோல்டரைப் பென் டிரைவில் மெஷினுக்கு மெஷின் போட்டுத்தான் ஓட்டினார்கள், ஆகவே ஃபோல்டர் நகர்வதில் கேமுக்குச் சங்கடம் இல்லை. அப்படி வந்த காப்பிதான் உங்களிடமும் இருக்கிறது என்றால், அதோடு ஒட்டிக்கொண்டு வைரஸும் புது விண்டோஸுக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள். அசல் சிடி வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற காப்பிப் பூட்டு இருந்தது, அதற்கு செக்டிரைவ் என்ற டிரைவர் வேண்டும். பாதுகாப்பு ஓட்டை என்று 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்காமலே விட்டுவிட்டது. சிடி உள்ளே இருந்தாலும் சிடியைப் போடு என்று கேம் கேட்கும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் மூடிக்கொள்ளும். இன்னும் பழையவற்றில் கேம் 32-பிட்டாக இருந்தும் செட்டப் 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸ் 16-பிட் எதையும் ஓட்டாது. பழைய மெஷினில் ஏற்கெனவே ஏற்றிய ஃபோல்டர் இருந்தால் அதுதான் அப்போது பொக்கிஷம், செட்டப்பைத் தொடாமலே ஓட்டிவிடலாம். டைரக்ட்ப்ளே வேண்டும் என்று கேட்டால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனென்ட்ஸுக்குள் இருக்கிறது, டிக் போடுங்கள். இதற்கெல்லாம் மல்லுக்கட்ட நேரமில்லை என்றால், பழைய கேம்கள் பலவும் பூட்டு நீக்கி ஜிஓஜியில் விற்பனைக்கு இருக்கின்றன. உங்கள் பழைய சேவ் அதில் ஓடுமா என்பது கேமுக்கு கேம் மாறும்.

கடைசியாக லினக்ஸ். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஒயின் 1993-இல் ஆரம்பித்த வேலை. அதன்மேல் கட்டிய புரோட்டானை வால்வ் 2018-இல் ஸ்டீமுக்குள்ளேயே சேர்த்த பிறகுதான் அது சாதாரண ஆளுக்கும் எட்டியது. ஸ்டார்டியூ, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. இங்கே டேட்டா கவலை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸ் பதிப்பு உள்ள கேமில், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் ஃபைல்களில் மாறுபட்டதை ஸ்டீம் மறுபடி இறக்கும். விண்டோஸ் பதிப்பையே வைத்துக்கொள்ள ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குப் போய் புரோட்டானைக் கட்டாயமாக்கலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இதைச் செய்யாதீர்கள், சொந்தப் பதிப்பே நல்லது.

டி டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸாக (விண்டோஸின் டிஸ்க் ஃபார்மேட்) இருப்பதால் லினக்ஸ் அதைப் படிக்கும், ஆனால் புரோட்டான் கேம்களை அதிலிருந்தே ஓட்டுவது தொல்லை. ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு போலி சி டிரைவ் கட்டுகிறது. அதில் முக்காற்புள்ளி உள்ள பெயர்களும் சிம்பாலிக் லிங்க்குகளும் (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழிகள்) வரும், என்டிஎஃப்எஸ்ஸில் அவை சரியாக உட்காராது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், டிஸ்க் பாதி உறக்கத்தில் இருப்பதாக நினைத்து லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும். லினக்ஸுக்கென்று எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்றை வைத்து, ஸ்டீம்ஆப்ஸில் இருந்து கேம் ஃபோல்டரையும் அதன் ஆப்மேனிஃபெஸ்ட்டையும் அங்கே காப்பி செய்வதுதான் நிம்மதி. சேவ் போக வேண்டிய இடம், ஸ்டீம்ஆப்ஸுக்குள் கம்பாட்டேட்டா, கேம் எண், அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர். அங்கிருந்து விண்டோஸ் மாதிரியே டாக்குமென்ட்ஸும் ஆப்டேட்டாவும் இருக்கும். கேமை ஒருமுறை திறந்து மூடினால்தான் இந்த ஃபோல்டர் உண்டாகும். ஸ்டார்டியூவின் லினக்ஸ் பதிப்புக்கு இது பொருந்தாது, அது ஹோமுக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் ஸ்டார்டியூவேலி, சேவ்ஸ் என்று வைக்கும். விண்டோஸ் சேவை அப்படியே எடுத்துப் போட்டால் பண்ணை திறக்கும். எபிக் கேம்களுக்கு ஹீரோயிக் என்ற லாஞ்சர், அதில் இருக்கும் ஃபோல்டரை இம்போர்ட் செய்யும் வசதியும் உண்டு.

வேலரன்ட் மட்டும் லினக்ஸில் ஓடாது, வேன்கார்டு அங்கே கிடையாது. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி ஓடும். ஆன்லைனுக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் போட்டதில் இருந்து லினக்ஸ்காரர்களை உள்ளே விடுவதில்லை. நண்பர்களோடு ஆடுவது இந்த இரண்டும்தான் என்றால் விண்டோஸ் பார்ட்டிஷனை வைத்துக்கொண்டே மின்ட்டைச் சோதித்துப் பாருங்கள்.

காப்பி எதில் எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். சேவ்களுக்கு எந்தப் பென் டிரைவும் போதும், கூடவே கூகுள் டிரைவிலும் ஒன்று ஏற்றிவிடுங்கள், சில எம்பிதான். கேம் ஃபோல்டருக்கு வெளி ஹார்டு டிஸ்க். அது ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, காப்பி பாதியில் நிற்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் நடுவில் எடுத்துப் போக எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பழைய சி டிரைவை எல்லா கேமிலும் சேவ் திறந்து பார்க்கும்வரை அழிக்க வேண்டாம். நடுவில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால், எரர் பெட்டியில் இருக்கும் வாசகத்தை எழுத்து மாறாமல் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.